டெல்லிக் குளிரும் சொரசொரத்த காலும்: மருந்து லோஷன் எப்படி வேலை செய்கிறது?

தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆகட்டும், டெல்லித் தமிழர் வீடுகளில் தோலைப் பற்றிய பேச்சு தானாக ஆரம்பித்துவிடும். முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, செதில் செதிலாகக் கிளம்பி நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நகத்தால் காலில் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கீறிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் "நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிடா" என்பார். எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கடுகெண்ணெய்தான் மருந்து என்பார். ஆபீஸில் ஒருவர் கிளிசரினும் குலாப் ஜலும் (பன்னீர்) எலுமிச்சையும் கலந்து பாட்டிலில் வைத்திருப்பார். கெமிஸ்ட் கடைக்குப் போனாலோ, "மெடிகேட்டட் லோஷன் இருக்கு, அதைப் போடுங்க" என்று ஏதோ ஒன்றை எடுத்து வைப்பார்கள்.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. கரோல் பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் நான் கேட்ட வரையில், ஒரே பெயரைச் சொல்லி ஒருவர் யூரியா கிரீம் போடுகிறார், இன்னொருவர் காலமைன் போடுகிறார், மூன்றாமவர் ஸ்டீராய்டு டியூபைத் தேய்க்கிறார். இந்த மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. ஒன்று தோலை ஈரமாக்கும், ஒன்று இன்னும் வறளவைக்கும், மற்றது மாதக்கணக்கில் போட்டால் தோலையே மெலிதாக்கிவிடும்.

அப்பளத்தில் எண்ணெய் தடவிப் பாருங்கள்

பொரிக்காத அப்பளம் ஒன்றை எடுத்து வளைத்தால் உடையும். அதன்மேல் நன்றாக எண்ணெய் தடவி அரைமணி கழித்து வளைத்தாலும் உடையத்தான் செய்யும். பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு அப்பளத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விட்டுவிடுங்கள். சற்று நேரத்தில் துவண்டு, மடித்தாலும் உடையாமல் மடங்கும்.

தோலில் இதே சோதனையைச் செய்து பார்த்தவர் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1952-இல் வெளியான அவருடைய ஆய்வில், உலர்ந்து விறைத்த காய்ப்புத் தோல் துண்டுகளை எண்ணெய்ப் பொருள்களில் ஊறவைத்தார். அவை இளகவில்லை. தண்ணீரை உறிஞ்சவிட்டபோதுதான் வளைந்து கொடுத்தன. தோல் மென்மையாக இருப்பது தண்ணீரால் என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது. நாம்தான் இன்னும் 'எண்ணெய்ப் பசை போய்விட்டது' என்ற அளவிலேயே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக எண்ணெய் வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாமல் அது காக்கும். தண்ணீரே இல்லாத இடத்தில் தடவினால்தான் பயன் குறைவு.

மேல்தோலில் என்ன நடக்கிறது

நம் கண்ணுக்குத் தெரியும் தோலின் வெளிப்பரப்பு முழுவதும் இறந்த செல்களால் ஆனது. சுமார் 15 முதல் 20 அடுக்குகள். அத்தனையும் சேர்ந்தே பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் பல மடங்கு தடிப்பு. இதைக் கொம்புப் படலம் என்பார்கள். இந்தச் செல்களுக்குள் நிறைந்திருப்பது கெரட்டின் என்ற உறுதியான புரதம். நகமும் முடியும்கூட அதனால் ஆனவைதான். செல்களுக்கு இடையே உள்ள சந்துகளை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள் அடைத்திருக்கின்றன. உடம்பின் நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது முக்கியமாக இந்தக் கொழுப்புதான்.

செல்களுக்குள்ளே நீரைப் பிடித்துவைக்கவும் ஏற்பாடு உண்டு. அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா ஆகியவை அடங்கிய ஒரு கலவை அங்கே இயற்கையாகவே இருக்கிறது. ஆமாம், அதே யூரியாதான். பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் 'வயலுக்குப் போடுவதை உடம்புக்கா?' என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது ஏற்கெனவே நம் தோலில் இருக்கும் பொருள்.

அடுத்து வருவதைத்தான் பெரும்பாலான விளம்பரங்கள் சொல்வதில்லை. இறந்த செல்கள் தினமும் உதிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். செல்லையும் செல்லையும் பிணைத்திருக்கும் புரத இணைப்புகளைச் சில நொதிகள் வெட்டிவிடும். செல் தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துவிடும். இந்த நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். கொம்புப் படலத்தில் நீர் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் விறைக்கிறது, வெட்டும் வேலையும் மந்தமாகிறது. உதிர வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக நிற்கின்றன. காலில் தெரியும் வெள்ளைச் செதிலும் கையைத் தடவினால் தட்டுப்படும் சொரசொரப்பும் இவைதான்.

சுருக்கமாக: வறட்சியில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. தண்ணீர் தங்கவில்லை, பழைய செல் போகவில்லை. சாதா பாடி லோஷன் முதல் கோளாறைத்தான் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதையும் கவனிக்கத்தான் மருந்துப் பொருள் சேர்ந்த லோஷன்.

பனிமூட்டத்தில் எப்படி வறட்சி?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஜனவரிக் காலையில் எதிரே வரும் பஸ் தெரியாத அளவுக்குப் பனி. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். அப்புறம் தோல் ஏன் வெடிக்கிறது?

குளிர்ந்த காற்றுக்கு நீராவியைத் தாங்கும் சக்தி குறைவு. 7 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 8 கிராம் நீராவியோடு நிறைந்துவிடும். அதே காற்று ஜன்னல் சந்து வழியாக வீட்டுக்குள் வந்து, ஹீட்டரால் 22 டிகிரிக்குச் சூடாகும்போது 19 கிராமுக்கு மேல் தாங்கக்கூடியதாகிவிடுகிறது. ஆனால் அதில் இருப்பது அந்த 8 கிராம்தான். 90-க்கு மேல் இருந்த ஈரப்பதம் 40 பக்கம் இறங்கிவிடும். அந்தக் காற்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சும், நம் தோலிலிருந்தும்.

போதாக்குறைக்கு கீசர். ஆவி பறக்கும் வெந்நீரில் நெடுநேரம் நின்று குளித்தால் சந்துகளில் இருக்கும் கொழுப்பு சோப்போடு சேர்ந்து போய்விடும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரத்தன்மை உள்ளது. போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ வரும் பேட்டைகளில் உப்புநீர் வேறு. அதில் சோப்பு சரியாக அலம்பிப் போகாமல் தோலிலேயே தங்கிவிடும். வயதானவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பிகளின் சுரப்பும் குறைந்திருப்பதால் எல்லாமே ஒரு படி அதிகம்.

லேபிளை வாசிப்போம்

கெமிஸ்ட் கடையில் கிடைக்கும் ஒருவகை கிரீமின் பின்பக்கத்தில் இப்படி இருக்கும்: யூரியா 10%, லாக்டிக் அமிலம் 10%, புரொப்பிலீன் கிளைக்கால் 10%, லிக்விட் பாரஃபின் 10%. பார்த்தால் வேதியியல் பாடம். ஆனால் மேலே சொன்னது புரிந்திருந்தால் இது முழுக்கவே புரியும்.

புரொப்பிலீன் கிளைக்கால் நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் பொருள். இந்த வகைக்கு ஹியூமெக்டன்ட் என்று பெயர். கிளிசரினும் இதே வகை. யூரியாவும் 10 சதவீதம் வரைக்கும் முக்கியமாக இந்த வேலையைத்தான் செய்கிறது. காற்று மிகவும் வறண்டிருந்தால் இவை தோலின் உள்ளடுக்குகளிலிருந்தே நீரை மேலே இழுக்கும்; மேலே ஒரு மூடி இல்லாவிட்டால் இழுத்த நீரும் ஆவியாகிப் போகும். டெல்லிக் குளிரில் கிளிசரினை மட்டும் தடவுகிறவர்களுக்குப் பாதிப் பலன்தான் கிடைப்பது இதனால்தான். அந்த எலுமிச்சைச் சாறு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வெடிப்பில் பட்டால் எரியும். போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் சிலருக்குத் தோல் வெந்து கறுத்தும் போகும்.

அந்த மூடிதான் லிக்விட் பாரஃபின். நீர் வெளியேறாமல் மேலே படலமாகப் படியும் இந்த வகையை ஆக்லூசிவ் என்பார்கள். இதில் பெட்ரோலியம் ஜெல்லியை விஞ்ச ஆள் இல்லை. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்கர் 1872-இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கிய சரக்கு, இன்றைக்கும் கடையில் மலிவாகக் கிடைக்கும் நல்ல மூடி இதுதான். விலை அதிகம் என்பதால் ஒரு கிரீம் இதைவிட நன்றாக மூடிவிடாது.

மூன்றாவது வகை எமோலியன்ட். செதில்களுக்கு இடையே உள்ள வெடிப்பை நிரப்பித் தடவியவுடன் வழவழப்பைத் தருவது. பல எண்ணெய்களும் கொழுப்புகளும் இந்த வேலையையும் மூடும் வேலையையும் சேர்த்தே செய்யும். செராமைடு சேர்த்த கிரீம்களும் இந்தப் பக்கம்தான் வரும்.

நான்காவது, கெரட்டோலிட்டிக்: உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களைத் தளர்த்தி விடுவிக்கும் பொருள். லாக்டிக் அமிலம் இதைத்தான் செய்கிறது. அம்மோனியாவோடு சேர்ந்த அமோனியம் லாக்டேட் 12 சதவீத லோஷனும் அப்படியே. யூரியா 10-ஐத் தாண்டி 20, 25 என்று போகப் போக இந்த வேலையில் இறங்கும். 40 சதவீத யூரியா தடித்த நகத்தையே இளக்கும். அது காலுக்கும் கைக்கும் பூசுகிற சமாச்சாரம் இல்லை. சாலிசிலிக் அமிலம் 3 முதல் 6 சதவீதம் வரை தடித்த குதிகாலுக்கும் உள்ளங்கைக்கும் கொடுப்பார்கள்.

ஆகவே, பாட்டிலின் முகப்பில் உள்ள பெயரைவிடப் பின்னால் இருக்கும் சதவீதம் முக்கியம். வறட்சி மட்டும் என்றால் முதல் மூன்று வகைகள் போதும். தொட்டால் சொரசொரப்பு, தடித்த செதில் என்றால் நான்காவதும் வேண்டும்.

எண்ணெய்ச் சண்டைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். லேசான, நடுத்தர வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்கு (லிக்விட் பாரஃபின்தான் இது) ஈடாக வேலை செய்ததாக 2004-இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கடுகெண்ணெய்க்கு அந்த நற்பெயர் இல்லை. எலிகளின் தோலில் பார்த்தபோது, சேதமான தோல் மறுபடி சேருவதை அது தாமதப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் நன்றாகச் செய்தது. ஆன்ட்டியிடம் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை. வெடிப்பும் எரிச்சலும் இருக்கும் தோலுக்கு மட்டும் அதைத் தவிருங்கள்.

பார்க்க லோஷன், செய்வது வேறு

காலமைன் லோஷன் துத்தநாக ஆக்சைடு தூளைத் தண்ணீரில் கலந்தது. தண்ணீர் ஆவியாகும்போது குளிர்ச்சி தரும், அரிப்பு அடங்கும். மிஞ்சும் தூள் ஈரத்தை உறிஞ்சும். வேர்க்குருவுக்கு நல்லது. வறண்ட காலுக்கு நேரெதிர். மருந்துக்கடை லோஷன்தானே என்று குளிர்காலத்தில் இதைப் பூசி, மாவு பூசிய காலோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆன்டிசெப்டிக் லோஷனைக் குளிக்கும் தண்ணீரில் ஊற்றுவதும் வறண்ட தோலுக்கு உதவாது, சிலருக்கு எரிச்சலைத்தான் கூட்டும்.

கவலைப்பட வேண்டியது ஸ்டீராய்டு டியூப். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற பெயர்கள் அதில் இருக்கும். அரிப்பும் சிவப்பும் இரண்டு நாளில் அடங்குவதால் இதுவே நல்ல லோஷன் என்று தோன்றிவிடும். 'போன வருஷம் டாக்டர் எழுதினது' என்று வீட்டில் எல்லோருக்கும் கை மாறும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், கோடு கோடாக வரி விழும், முகத்தில் போட்டால் முடி வளரும், சிவக்கும். படர்தாமரை இருந்தால் வெளியே தெரியாமல் பரவும். இந்தச் சீரழிவு இந்தியாவில் பெருகியதால்தான் தோல் மருத்துவர்கள் குரல் கொடுத்து, 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் கொண்டுவந்தது. எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) போன்ற நோய்க்கு மருத்துவர் நாள் கணக்கு சொல்லிக் கொடுத்தால் அது மருந்து. கடைக்காரர் தாமாக எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள்.

எப்போது, எவ்வளவு

நல்ல கிரீமை வாங்கியும் பலனில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். காலையில் குளித்து, துவட்டி, உடை மாற்றி, டிபன் சாப்பிட்டு, கிளம்பும்போது அவசரமாக ஒரு சொட்டு. அதற்குள் தோல் காய்ந்து அரைமணி ஆகியிருக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குளித்து முடியுங்கள். சோப்பை அக்குள், இடுப்பு, பாதம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முழங்காலுக்குக் கீழே தினமும் நுரை தேவையில்லை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பில் ஈரப்பதம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், குளியலறைக்குள்ளேயே பூசிவிடுங்கள். குளித்தபோது தோல் குடித்த தண்ணீரை அப்படியே உள்ளே வைத்து மூடுவதுதான் இதன் நோக்கம். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு முறை.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குத்தான் காணும். ஒரு முழுக் காலுக்கு, பாதம் நீங்கலாக, ஆறு விரல்நுனி ஆகும். இரண்டு கால், தினம் இரண்டு வேளை என்றால் 12 கிராம். 100 கிராம் டியூப் எட்டு நாளில் தீர வேண்டும். நம் வீடுகளில் அது பொங்கல் தாண்டி ஹோலி வரை வரும்! அதனால் சொல்கிறேன்: விலை உயர்ந்ததைச் சிக்கனமாகப் பூசுவதைவிட, வாசனை சேர்க்காத சாதா மாய்ஸ்சரைசர் ஒன்றைப் பெரிய டப்பாவாக வாங்கித் தாராளமாகப் பூசி, மருந்து கிரீமைச் சொரசொரத்த இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

இன்னொன்று: லோஷனில் தண்ணீர் அதிகம், கிரீமில் குறைவு, ஆயின்ட்மென்ட்டில் ஏறக்குறைய இல்லை. ஏப்ரல், மே வெயிலுக்கு லோஷன் சுகம். டிசம்பர், ஜனவரிக்குக் கிரீமோ அதற்கும் கெட்டியானதோதான் தாங்கும்.

பித்தவெடிப்புக்கு வெதுவெதுப்பான நீரில் கால் மணி ஊறவைத்து, ஒற்றி, யூரியா கிரீம் தடவி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி, அப்புறம் பருத்தி சாக்ஸ். பிளேடால் சீவுவது வேண்டாம். ரத்தம் தெரியும் ஆழமான வெடிப்பு இருந்தால் அது ஆறும்வரை ஜெல்லி மட்டும். அமிலமும் யூரியாவும் அங்கே நெருப்பாக எரியும். எரிச்சல் வந்தால் 'மருந்து வேலை செய்கிறது' என்று பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டாம், கழுவிவிடுங்கள்.

வழவழப்பு அன்றே தெரியும். சொரசொரப்பு குறைய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், ஏனென்றால் கொம்புப் படலம் புதிதாக மாற ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும். நிறுத்தினால் சில நாளில் பழையபடி ஆகும். அது மருந்து தோற்றதாக அர்த்தமில்லை, வெளியே குளிர் இன்னும் போகவில்லை.

யாருக்கு ஆகாது, எங்கே ஆபத்து

முகம், கண்ணிமை, பிறப்புறுப்பு, புண் இவற்றில் கெரட்டோலிட்டிக் எதுவும் வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு யூரியாவோ சாலிசிலிக் அமிலமோ மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. குழந்தையின் தோல் வழியாக மருந்து உடம்புக்குள் போவது அதிகம். கர்ப்பிணிகளும் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் சாலிசிலிக் அமிலத்தைப் பெரிய பரப்பில் பூசுவதைத் தவிர்க்க வேண்டும். லாக்டிக் அமிலம் தோலை வெயிலுக்குக் கூருணர்வு உள்ளதாக்கும். மொட்டைமாடியில் ஆரஞ்சும் வேர்க்கடலையும் உரித்துக்கொண்டு மணிக்கணக்கில் வெயில் காய்கிற ஊர் இது, அதனால் அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பாரஃபின் கலந்த கிரீம்கள் உடையிலும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையிலும் ஊறி ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி சீக்கிரம் தீப்பற்றும், வேகமாக எரியும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. பிரிட்டனில் இப்படி உயிரிழப்புகள் நேர்ந்து, அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. காலில் கிரீம் பூசிய தாத்தா சிவக்கப் பழுத்த ராட் ஹீட்டரை ஒட்டி உட்காருவதும், ஊறிய ஷாலோடு அங்கீட்டி என்ற கரி அடுப்புப் பக்கத்தில் குந்துவதும் கூடவே கூடாது. படுக்கைத் துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

லோஷனால் தீராதவை

நீரிழிவு உள்ளவர்கள் பாதத்துக்குத் தினமும் மாய்ஸ்சரைசர் போடலாம், விரல் இடுக்கில் மட்டும் கூடாது. அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காய்ப்பை இளக்கும் சாலிசிலிக் பிளாஸ்டர்களை அவர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. வறட்சியோடு களைப்பு, எடை ஏற்றம், குளிர் தாங்காமை சேர்ந்து வந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே காலில் மீன் செதில் மாதிரி தோல், வீட்டில் இன்னொருவருக்கும் அப்படியே என்றால் அது இக்தியோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அதன் பரவலான வகைக்கு ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்குரிய மரபணு மாற்றமே காரணம் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம் உடைந்துதான் தோலின் நீர்பிடிப்புக் கலவையில் பெரும்பகுதி உண்டாகிறது. இவர்களுக்கு லோஷன் வருஷம் முழுக்கத் தேவைப்படும், மருத்துவர் மேற்பார்வையில்.

வட்டமாகப் படர்ந்து ஓரத்தில் அரிக்கும் செதில் பெரும்பாலும் பூஞ்சை. ராத்திரித் தூக்கம் கெடும் அரிப்பு வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் சிரங்கா என்று பார்க்க வேண்டும். வெளிறிய ஒரு திட்டு வறண்டு, அங்கே வியர்வை இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் குறைவாக இருந்தால் அதில் எந்த லோஷனையும் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். தொழுநோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் முழுவதும் குணமாகும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.